பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வால்கேஷ்வர் வரை: ஓவியர் மாக்தா நாக்மன்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஓவியரின் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவருடைய கணவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகையின் கதையில் மண்டயம் குடும்பம் வருகிறது. 1908இல் சென்னையில் வழக்கு வந்ததும் பத்திரிகையைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனவர்களில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா. சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சாரியா. அதே ஆண்டு இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஊர் திரும்ப முடியாமல் லண்டன், லிஸ்பன், பெர்லின், ஸ்டாக்ஹோம், காபூல், தாஷ்கண்ட், மாஸ்கோ என்று அலைந்தார். சி. எஸ். சுப்பிரமணியம் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த ஆச்சாரியாவை மாஸ்கோவில் மணந்த பெண்தான் மாக்தா நாக்மன்.

ஆச்சாரியாவின் மனைவி என்றே தொடங்கிவிட்டேன். நம் ஊரில் அவரை அடையாளம் காட்ட வேறு வழி இல்லை. ரஷ்யாவிலும் இதே நிலைதான். அங்கே அவர் கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை வரைந்தவர். இலக்கிய ஆய்வாளர்களுக்கு, நாவலாசிரியர் நபோக்கவை வரைந்தவர். மூன்று பெரிய வாழ்க்கை வரலாறுகளிலும் ஓரமாக வந்து ஒரு வரியில் போய்விடுகிறார். அந்த மூவரையும் இன்று கொஞ்ச நேரம் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவர்களுக்கு எதிரே ஓவியத் தாங்கியை வைத்து நின்ற பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் முறையாகப் பயின்ற, தனக்கென்று ஒரு பார்வை கொண்டிருந்த ஓவியர். ஆட்சிகள் மாறின, நாடுகள் மாறின. மனித முகத்தின் எதிரே உட்கார்ந்து அதைப் பொறுமையாகப் பார்க்கும் வேலையை நாற்பது ஆண்டுகள் அவர் விடவில்லை.

1889 ஜூலையில் பிறந்தவர் மாக்தா. குடும்பம் அன்றைய ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தது. தந்தை யூதர், தாய் பால்டிக் ஜெர்மானிய வழிவந்த லுத்தரன் கிறிஸ்தவர். வசதியான, படித்த வீடு. குழந்தைகள் தாயின் மதத்தில் வளர்ந்தார்கள். ஜார் ஆட்சியில் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எத்தனை பேர் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. அந்தச் சுவர்கள் மாக்தாவின் சிறுவயதில் அவர்மேல் நேரடியாக விழவில்லை. பின்னால், வேறு நாட்டில், வேறு சட்டத்தின் பெயரால் அவை அவரைத் தேடிவந்தன.

ஓவியம் கற்க அவர் சேர்ந்த இடம் எலிசவேத்தா ஸ்வந்த்ஸேவா என்ற பெண்மணி நடத்திய தனியார் பள்ளி. தவ்ரீச்செஸ்கயா தெருவில் ஒரு பெரிய அடுக்குவீட்டுக் கட்டடத்தில் அது நடந்துவந்தது. அதற்கு மேல் தளத்தில் கவிஞர் வியச்செஸ்லாவ் இவானவின் வீடு இருந்தது. ‘கோபுரம்’ என்று பெயர் பெற்ற அந்த வீட்டில், பீட்டர்ஸ்பர்க்கின் கவிஞர்களும் தத்துவவாதிகளும் விடிய விடியக் கூடிப் பேசினார்கள். மேலே கவிதை, கீழே வண்ணம். அங்கே படித்தவர்களில் மார்க் ஷகாலும் ஒருவர்.

அந்தப் பள்ளியில் மாக்தாவுக்குக் கிடைத்த பாடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசிவரை அதுதான் அவர் கையில் இருந்த சொத்து. முதல் ஆசிரியர் லியோன் பாக்ஸ்த். இவரும் ரஷ்ய யூதர். தியாகிலெவின் பாலே நாடகங்களுக்கு உடையும் அரங்கமும் வடிவமைத்து விரைவில் பாரிஸையே மயக்கப்போகிறவர். அரசுக் கலைக்கழகத்தின் பாணியில் மாணவர்கள் பழுப்பிலும் சாம்பலிலும் நிழல் தீட்டித் தீட்டி உருவத்தை உருட்டிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. மாடலுக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு துணியைத் தொங்கவிடுவார். பின்னணி நிறம் மாறியதும் அதே தோல் வேறு நிறமாகத் தெரியும். நிறம் என்பது பொருளுக்கு மட்டும் சொந்தமானதில்லை, பக்கத்தில் இருக்கும் நிறமும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே கண்டுபிடிக்க வேண்டும். 1910இல் பாக்ஸ்த் பாரிஸுக்குப் போய்விட, அவர் இடத்துக்குக் குஸ்மா பெத்ரோவ்-வோத்கின் வந்தார். சிவப்புக் குதிரை ஓவியத்தால் அழியாப் பெயர் பெற்றவர். தேவாலயத் திருவுருவப் படங்களின் மரபை ஊன்றிப் பார்த்தவர். பாக்ஸ்த் நிறத்தைத் திறந்துவிட்டார் என்றால், இவர் அதற்கு எலும்பு கொடுத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்ற மூன்றிலிருந்து படத்தைக் கட்டு. கோடு உறுதியாக இருக்கட்டும். ஒவ்வொரு பொருளும் இடவெளியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று யோசி. ஆசிரியர் மாறியபோது பல மாணவர்கள் தடுமாறினார்கள். மாக்தா இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அதற்குச் சாட்சி 1913ஆம் ஆண்டுப் படம் ஒன்று.

அந்தக் கோடையில் பள்ளித் தோழி யூலியா ஒபலென்ஸ்கயாவோடு கிரிமியாவின் கொக்தெபேல் கடற்கரைக்குப் போனார் மாக்தா. அங்கே மக்சிமிலியன் வலோஷின் என்ற கவிஞர் தம் வீட்டைக் கலைஞர்களுக்காகத் திறந்து வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், எழுதலாம், வரையலாம். அந்த ஆண்டு அங்கே மரீனா ஸ்வெத்தாயெவா இருந்தார். இருபது வயது. ஏற்கெனவே கவிதை நூல்கள் வந்துவிட்டன. திருமணமாகி ஒரு கைக்குழந்தையும் உண்டு. அவரை மாக்தா எதிரே உட்காரவைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்.

ஸ்வெத்தாயெவா நீல உடையில் இருக்கிறார். பின்னால் ஆரஞ்சு. நீலத்துக்கு நேர் எதிர் நிறம் ஆரஞ்சு. இரண்டையும் அருகருகே வைத்தால் இரண்டுமே கொதிக்கும். இது பாக்ஸ்திடம் கற்றது. ஆனால் முகத்தில் அந்தக் கொதிப்பு இல்லை. முகம் அகன்ற, அமைதியான தளங்களாகக் கட்டப்பட்டிருக்கிறது; தேவையில்லாத ஒரு நிழல்கூட இல்லை. அது பெத்ரோவ்-வோத்கின். பின்னாளில் ஸ்வெத்தாயெவாவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் புயல், நெருப்பு, ஆவேசம் என்று எழுதினார்கள். மாக்தா அந்த நெருப்பைப் பின்னணித் துணிக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் இன்னும் முழுதாகப் பெரியவளாகாத, தனக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார். புகழ்பெற்றவரை வரைகிறோம் என்ற பதற்றம் படத்தில் எங்கும் இல்லை. அப்போது அவர் அத்தனை புகழ்பெற்றவரும் இல்லை. பார்த்ததை மட்டும் வரைய அது உதவியிருக்கும்.

கவிஞரின் கணவர் செர்கேய் எஃப்ரோனையும் மாக்தா வரைந்தார். அந்தப் படம் தொலைந்துபோனது. இனி இந்தச் சொற்பொழிவில் தொலைந்துபோனது என்ற சொல் அடிக்கடி வரும்.

1917 புரட்சிக்குப் பிறகு பீட்டர்ஸ்பர்க் வாழ்க்கை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. குடும்பத்தின் வசதி கரைந்தது. நகரங்களில் உணவும் இல்லை, விறகும் இல்லை. விளாதிமீர் மாகாணத்தில் லிக்கினோ என்ற சிற்றூருக்கு அலுவலக வேலைக்குப் போனார் மாக்தா. வேலைக்கு ரேஷன் கிடைக்கும், அதுதான் காரணம். அங்கிருந்து தோழி யூலியாவுக்கு எழுதிய கடிதங்கள் மாஸ்கோ ஆவணக் காப்பகங்களில் பிழைத்திருக்கின்றன. யூலியா எதையும் தூக்கிப்போடாதவர். அவர் பத்திரப்படுத்தியிராவிட்டால் மாக்தாவின் இளமைக்காலத்தைப் பற்றி நமக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரிந்திருக்காது. பிறகு செர்கேயின் அக்கா லிலியா எஃப்ரோன் அழைக்க, உஸ்த்-தொலீஸி என்ற கிராமத்தில் மக்கள் நாடகக் குழுவுக்கு அரங்கப் படுதாக்கள் வரையப் போனார். உள்நாட்டுப் போர் நடுவே விவசாயிகள் நாடகம் பார்க்கிறார்கள். பாக்ஸ்தின் மாணவி அவர்களுக்காகத் திரை தீட்டுகிறார். புரட்சி தந்ததையும் பறித்ததையும் ஒருசேரப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மாஸ்கோ திரும்பிய பின் 1921இல் ஆச்சாரியாவைச் சந்தித்தார். ஆச்சாரியா 1919இல் மகேந்திர பிரதாப்பின் குழுவோடு போய் லெனினைக் கண்டவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவர். ஆனால் கட்சியின் மற்றொரு தலைவரான எம்.என். ராயோடு ஒத்துப்போகவில்லை, சில மாதங்களில் விலக்கப்பட்டார். மெல்ல மெல்ல எந்த அரசையும் ஏற்காத அராஜகவாதத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். புதிய ஆட்சியின் மாஸ்கோவில் அப்படிப்பட்டவருக்கு நீண்ட காலம் இடம் இருக்காது. திருமணம் செய்துகொண்ட இருவரும் 1922இன் இறுதியில் பெர்லினுக்குப் புறப்பட்டார்கள். அதே ஆண்டுக் கோடையில்தான் ஸ்வெத்தாயெவாவும் பெர்லினில் சில வாரங்கள் இருந்துவிட்டுப் பிராகாவுக்குப் போயிருந்தார். வரைந்தவரும் வரையப்பட்டவரும் சில மாத இடைவெளியில் ஒரே நகரத்தைத் தாண்டிப் போனார்கள்.

பெர்லினில் அப்போது லட்சக்கணக்கான ரஷ்யர்கள் இருந்தார்கள். ரஷ்யப் பதிப்பகங்கள், ரஷ்ய நாளேடுகள், ரஷ்ய உணவகங்கள். ஆச்சாரியா அராஜகவாதச் சிற்றிதழ்களுக்கு எழுதினார். அதில் பணம் வராது. வீட்டு வாடகையைக் கொடுத்ததில் பெரும்பங்கு மாக்தாவின் தூரிகைக்கு உண்டு. உருவப்படம், நீர்வண்ணம், பாஸ்டல், எது கேட்டாலும் செய்தார். 1923இல் ஒரு ரொட்டிக்குக் கோடிக்கணக்கில் மார்க் கொடுக்க வேண்டியிருந்த நகரத்தில், படம் வரைந்து பிழைப்பதென்பது என்னவென்று நினைத்துப் பாருங்கள். ஆச்சாரியாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணுகிறார்கள். அவற்றை எழுத அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது யார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

1928இல் காஸ்ப்பர் கலைக்கூடத்தில் மாக்தாவின் கண்காட்சி நடந்தது. ‘ரூல்’ என்ற ரஷ்ய நாளேட்டில் அதற்கு மதிப்புரை எழுதியவர் சிரின் என்ற புனைபெயரில் எழுதிவந்த ஓர் இளம் எழுத்தாளர், விளாதிமீர் நபோக்கவ். நிறத்தைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுந்தவர் கிடைப்பது அரிது. சிறுவயதில் ஓவியம் கற்றவர்; வண்ணத்துப்பூச்சிச் சிறகின் புள்ளிகளைக்கூட எண்ணிப் பார்த்த கண் அது. 1933இல் மாக்தா நபோக்கவை வரைந்தார். அந்தப் படம் இன்று கறுப்பு வெள்ளைப் புகைப்படமாகத்தான் இருக்கிறது. மூலப்படம் தொலைந்துபோனது. நிறத்தின் மாணவி தீட்டிய படத்தை நிறமில்லாமல் பார்க்க நேர்வது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

அதே 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் வந்த விதிகளின்படி, தாத்தா பாட்டியரில் ஒருவர் யூதராக இருந்தாலே ஒருவர் ஆரியர் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பண்பாட்டுத் துறைக்கு ஒரு வாரியம் அமைத்தார்கள்; அதில் உறுப்பினராக இல்லாதவர் ஓவியத்தைத் தொழிலாகச் செய்ய முடியாது. லுத்தரனாக வளர்ந்தாலும் தந்தை வழியில் மாக்தா யூதப் பெண். கணவரோ ஓர் இந்தியர், அதிலும் அராஜகவாதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தப்பட்டிருந்தது. இருவரும் 1934இல் பெர்லினை விட்டு வெளியேறி, மாக்தாவின் சகோதரி இருந்த சூரிச்சுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் அரசு இவ்வளவு காலம் துரத்திய ஆச்சாரியாவுக்குக் கடைசியில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே தப்பிக்க வழியாயிற்று. முதலில் அவர் பம்பாய் போனார். பிறகு மாக்தாவும் வந்து சேர்ந்தார்.

அப்போது மாக்தாவுக்கு வயது நாற்பதுகளின் நடுப்பகுதி. மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வால்கேஷ்வரில் குடித்தனம். வெளிச்சமே வேறு. பீட்டர்ஸ்பர்க்கில் கிடைமட்டமாகச் சரிந்து வரும் வெயில் பம்பாயில் தலைக்கு நேர்மேலிருந்து கொட்டுகிறது. முகத்தில் விழும் நிழல் குட்டையாகவும் கடுமையாகவும் ஆகிறது. இதோடு இன்னொரு சிக்கல். கிழக்கு நாட்டுக்கு வரும் ஐரோப்பிய ஓவியர்கள் பாம்பாட்டி, சாமியார், மகாராஜா என்று வாங்குபவருக்குப் பிடித்ததை வரைந்து விற்பது வழக்கமாக இருந்த காலம் அது. மாக்தா தெருவில் இருந்தவர்களை, உழைக்கும் பெண்களை, மலைநாட்டு மக்களை, நடனக் கலைஞர்களை வரைந்தார். படங்களில் தலைமுக்காடும் நகையும் உண்டு. ஆனால் கொக்தெபேலில் காட்டிய ஒழுங்கு மாறவில்லை. முகமே முதலில், உடையும் பின்னணியும் அதற்குச் சாட்சி சொல்ல வருகிறவை. பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. இருந்தும் ஒருவர்கூட ‘இந்தியப் பெண்’ என்ற பொதுவான உருவமாக நின்றுவிடவில்லை. எல்லாப் படங்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பிழைப்புக்காக அவசரமாகச் செய்தவையும் இருக்கின்றன. சிலவற்றில் பாஸ்டல் மிக இனிப்பாகிவிடுகிறது. நல்ல படங்களில் அந்தப் பழைய உறுதி இருக்கிறது.

அந்தப் பம்பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1888இல் தொடங்கிய பாம்பே ஆர்ட் சொசைட்டி ஆண்டுதோறும் கண்காட்சி நடத்திவந்தது. மாக்தா அதில் தொடர்ந்து கலந்துகொண்டார், பரிசும் பெற்றார். ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள் நகரத்தின் கலை வாழ்க்கையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநராக வால்ட்டர் லாங்கஹாம்மர். அதே பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதிய ரூடி ஃபான் லேடன். படங்களை வாங்கிச் சேர்த்த எமானுவேல் ஷ்லெஸிங்கர். 1947இல் தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவில் சூசா, ரஸா, ஹுசேன், ஆரா ஆகியோருக்கு இந்த மூவரும் செய்த உதவியை இந்திய நவீன ஓவிய வரலாறு மறக்காமல் சொல்கிறது. அவர்களோடு பழகி, அதே சுவர்களில் படம் மாட்டிய மாக்தாவை அந்த வரலாறு பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வியன்னாவிலிருந்து வந்த நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கர் பம்பாயில் நடனப் பள்ளி நடத்தினார். அவருடைய நிகழ்ச்சிகளுக்கு மாக்தா உடைகளும் கோட்டோவியங்களும் வரைந்து கொடுத்தார். உஸ்த்-தொலீஸி கிராமத்தில் திரை தீட்டிய கைக்கு இது பழகிய வேலைதான்.

வரலாறு எழுதியவர்கள் மாக்தாவை ஏன் விட்டுவிட்டார்கள்? அவர் புதிய இயக்கம் எதையும் தொடங்கவில்லை, அறிக்கை வெளியிடவில்லை. நம் கலை வரலாறு இயக்கங்களின் வரலாறாக எழுதப்பட்டுவிட்டது. உருவப்படம் வரைகிறவருக்கு அதில் அத்தியாயம் கிடையாது. உருவப்படத்தை வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்; அது அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை. குடும்பம் இடம் மாறும்போது படமும் மாறுகிறது. அடுத்த தலைமுறைக்கு அது பாட்டியின் படம், வரைந்தவர் யாரென்று தெரியாது. மாக்தாவின் ரஷ்யக் காலத்துப் படங்களைப் புரட்சியும் போரும் கொண்டுபோயின. பெர்லின் படங்களை நாஜிகளும் புலம்பெயர்வும் சிதறடித்தன. பம்பாய்ப் படங்களை எந்தப் போரும் தொடவில்லை. அவை கவனிப்பாரின்றித்தான் மறைந்தன.

1951 பிப்ரவரியில் அவருடைய கண்காட்சி ஒன்று பம்பாயில் சார்லஸ் பெத்ராஸ் என்ற ஆஸ்திரியர் நடத்திவந்த அயல்மொழி நிறுவனத்தில் ஏற்பாடாகியிருந்தது. தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, 12ஆம் தேதி, மாக்தா காலமானார். வயது 61. உருவத்தில் சிறியவர், பம்பாய்க் கலையுலகில் பெரியவர் என்ற பொருள்பட ஃபான் லேடன் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதினார். ஆச்சாரியா தனியே, நோயோடும் வறுமையோடும் மூன்றாண்டுகள் வாழ்ந்து 1954 மார்ச்சில் அதே நகரத்தில் இறந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. படங்களுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று.

லீனா பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் பல நாடுகளின் ஆவணங்களைத் தேடி, 2020இல் மாக்தாவின் முழு வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த நூலின் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி தமிழ் அறிந்தவர்களுடையது. ஆச்சாரியாவின் உறவினர், பாரதி வட்டத்தினர் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் கடிதங்களிலும் ரஷ்ய மனைவி என்று பெயரில்லாமல் வரும் இடங்களை யாரும் இன்னும் தொகுக்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் பாரதியியல் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ‘இந்தியா’ பத்திரிகையைத் தேடிப் போகிற அதே ஆவணக் காப்பகங்களுக்குத்தான் இதற்கும் போக வேண்டும். மும்பையில் உறவுகள் உள்ளவர்கள், 1930களிலும் 40களிலும் வரையப்பட்ட உருவப்படம் வீட்டில் இருந்தால், சட்டத்தைக் கழற்றி மூலையிலும் பின்புறத்திலும் கையொப்பம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நாக்மன் என்றோ ஆச்சாரியா என்றோ இருந்தால் படத்தையும் பின்புறத்தையும் தெளிவாகப் புகைப்படம் எடுத்து, அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தகவல் தெரிந்த தலைமுறைக்கு இப்போது வயது எண்பதுக்கு மேல்.